மார்ட்டினாக ஆறு வருடம்

“பொறு அப்பு. உன் சாமான் எங்கயும் ஓடிறாது” என்று முணுமுணுத்துக்கொண்டே ரோஜா ஆங்கிலத்தில் தட்டினார்: ‘உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன். இரண்டு நிமிடம் அவகாசம் தாருங்கள்.’ எதிர்முனையில் இருந்தவர் நார்வேக்காரர். வாங்கி இரண்டு நாளாகியும் கணினி விளையாட்டு திறக்கவில்லை என்று பத்து வரிக்குத் திட்டி எழுதியிருந்தார். அந்தத் திட்டை ரோஜா ஒருமுறை தன் வாய்க்குள் வாசித்துப் பார்த்தார். வாசிக்கும்போதே அது போடித் தமிழாகிவிட்டது. “துட்டையும் வாங்கிக்கிட்டு கதவையும் சாத்திக்கிட்டா நான் யார்ட்டப் போயிக் கேக்க?” பிறகு தலையை ஆட்டிக்கொண்டார். “கேக்குறது நியாயந்தான்.”

வரிசையில் அடுத்து வந்தவர் போலந்துக்காரர். அவருக்குப் புகார் எதுவும் இல்லை. போன வாரம் பிரச்சினையைத் தீர்த்துக் கொடுத்த மார்ட்டினிடம், தனக்குப் பெண் குழந்தை பிறந்திருப்பதைச் சொல்லத்தான் வந்திருந்தார். மார்ட்டின் தன் பெயரைச் சொல்லி இன்று ஒரு பீர் குடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். “குடிச்சுருவோம் மாப்ளே” என்றார் ரோஜா, மோர் டம்ளரைக் கையில் எடுத்தபடி.

மார்ட்டின் என்பது ரோஜாதான்.

கட்டடமே இல்லாத கடை அது. கணினியில் ஆடும் விளையாட்டுகளை இணையத்திலேயே விற்று, இணையத்திலேயே அனுப்பிவைக்கும். முதலாளிகள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். வாங்கியவர்களின் குறைகளுக்குப் பதில் எழுதும் வேலையைக் கோயம்புத்தூரில் ஒரு நிறுவனம் குத்தகைக்கு எடுத்து, அதில் ஒரு பங்கைப் போடிநாயக்கனூருக்குத் தள்ளிவிட்டிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஏலக்காய்க் கிட்டங்கியின் மாடியில் இருபத்திரண்டு நாற்காலிகள். மதியம் பன்னிரண்டரைக்கு ஐரோப்பா கண்விழிக்கும்போது இங்கே கணினிகளைத் திறப்பார்கள். பேச்சு கிடையாது, எல்லாம் எழுத்துதான். எந்த மொழியில் எழுதினாலும் திரையில் ஆங்கிலமாக வந்துவிழும். இங்கே ஆங்கிலத்தில் எழுதுவது அங்கே அவரவர் மொழியாகப் போய்ச் சேரும். கீழே மூட்டை பிரிக்கும் நாட்களில் மேலே விசைப்பலகை வரைக்கும் ஏலக்காய் மணக்கும்.

தேனியில் ஆங்கில வகுப்பு நடத்துகிறவன் நான். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பிழையில்லாமல் கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்க என்னை அங்கே கூப்பிட்டிருந்தார்கள். வகுப்பு முடிந்த பிறகும் பஸ்சுக்கு நேரம் இருந்தால் ரோஜாவின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். அவர் எழுதும் ஆங்கிலம் துணி இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். வாய் அந்த நேரத்தில் வேறொரு சோலியில் இருக்கும். வயதானவர் என்றால் அண்ணே, பொடியன் என்றால் மாப்ளே, பெண் என்றால் ஆத்தா. ஜப்பான்காரர் ஒருவர் கேள்வி கேட்பதற்கு முன்பே மூன்றுமுறை மன்னிப்புக் கேட்டார். “எதுக்குண்ணே கூசுறீக, கேளுங்க” என்றது வாய். விரல்கள் ‘சொல்லுங்கள், உதவக் காத்திருக்கிறேன்’ என்று தட்டின. பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது பழகிப்போயிருந்தது.

சேர்ந்த புதிதில் ரோஸ் என்ற பெயரில்தான் எழுதியிருக்கிறார். பெண் பெயரைப் பார்த்ததும் சில வாடிக்கையாளர்கள் விளையாட்டை விட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போனார்கள். புகைப்படங்கள் வந்தன. மூன்று பெண்கள் வேலையை விட்டுப் போனதும் நிறுவனம் ஒரு முடிவுக்கு வந்தது. அனுப்புகிறவர்களைத் தடுப்பதை விடப் பெயரை மாற்றுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் ஒரே நாளில் அந்த அறையின் பெண்களெல்லாம் டேவிட், ஸ்டீபன், மார்ட்டின் ஆனார்கள். “மறுநாள்லருந்து ஒரு பய வாலாட்டலண்ணே. அதே நாந்தான், அதே பதிலுதான். என்னா மரியாதைங்கிறீக” என்றார் ரோஜா. அவருக்கு அதில் சிரிப்பும் இருந்தது. சிரித்து முடித்ததும் முகம் சற்று நேரம் இறுகியிருக்கும்.

முப்பத்தேழு வயது. கணவர் விஜயகுமார் போடிமெட்டுக்கு எஸ்டேட் ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறார். ரோஜா பிறந்தது மேட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், ஏலத்தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில். அஞ்சல்வழியில் பட்டம் படித்துக்கொண்டே போடியில் ஏழு வருடம் ஏலக்காய் தரம் பிரிக்கும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். குனிந்த தலை நிமிராமல் பச்சையைத் தனியே, வெளுத்ததைத் தனியே, பருத்ததைத் தனியே தள்ளுகிற வேலை. அந்தப் பழக்கம் விரலை விட்டுப் போகவில்லை. வரிசையில் ஆள் இல்லாத நேரத்தில் டப்பாவில் இருக்கும் வேர்க்கடலையைப் பெரிது சிறிதாகப் பிரித்து வைத்துவிடுவார், பிறகு எல்லாவற்றையும் சேர்த்துத் தின்பார். மனிதர்களையும் அப்படித்தான் பிரித்தார். நாலு வரி எழுதினால் போதும், ஆள் யாரென்று சொல்லிவிடுவதாக அவருக்கு ஒரு பெருமை. நம்பத் தக்கவர் எட்டு மில்லி. ஏலக்காயில் எட்டு மில்லிமீட்டர் பருமன்தான் உயர்ந்த தரம். ஏமாற்றிப் பணம் திரும்பப் பெறப் பார்க்கிறவன் சொத்தை. அறையில் யாருக்காவது சந்தேகம் வந்தால், அக்கா இதைப் பாருங்க என்று கூப்பிடுவார்கள். ரோஜா எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார். அநேகமாக அது சரியாகவே இருக்கும்.

ஆனால் ஒரு விளையாட்டையும் அவர் ஆடியதில்லை. “நாலாயிரம் வெளாட்டு விக்கிற கடையில கெடக்கேன், தாயக்கட்டை கூட உருட்டுனதில்ல” என்பார்.

இவ்வளவும் போன வருட ஆனி மாதத்தில் நான் பார்த்த ரோஜா. வகுப்பு முடிந்து நான் தேனிக்குத் திரும்பிவிட்டேன். ஏழு மாதம் கழித்து அடுத்த கூட்டத்துக்குச் சொல்லிக்கொடுக்க மறுபடியும் கூப்பிட்டபோது அவருடைய நாற்காலியில் வேறு யாரோ இருந்தார்கள். ரோஜா பயிற்சியாளராகியிருந்தார். தனி மேசை, கண்ணாடிக் கதவு, கழுத்தில் வேறு நிற அட்டை. வாழ்த்தினேன். “ஆமாண்ணே” என்றார். அன்று முழுக்க அவர் வாய் முணுமுணுக்கவே இல்லை என்பதை மாலையில்தான் உணர்ந்தேன்.

நடந்ததை மொட்டை மாடியில் வைத்துச் சொன்னார், மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில். அங்கே நின்றால் மலை முழுதாகத் தெரியும். போடிமெட்டுச் சாலையில் ஜீப்புகள் வளைவுக்கு வளைவு மறைந்து மறைந்து ஏறும். அதைப் பார்த்தபடியேதான் சொன்னார், என் பக்கம் திரும்பவில்லை.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை போர்ச்சுகல் நாட்டிலிருந்து லூர்து என்ற பெண்மணி பெயரில் ஒரு விண்ணப்பம் வந்தது. கடைக் கணக்குக்குள் நுழைய முடியவில்லை, பழைய மின்னஞ்சலை நீக்கிவிட்டுப் புதியதைச் சேர்க்க வேண்டும் என்று. அதற்கு மூன்று கேள்விகள் உண்டு. கணக்கில் பதிந்த பிறந்த தேதி, முதலில் வாங்கிய நாள், ஏதாவது ஒரு ரசீதின் எண். மூன்றில் இரண்டு சரியாக இருந்தால் மாற்றிக் கொடுக்கலாம். பிறந்த தேதி பொருந்தவில்லை. மற்ற இரண்டும் உடனே வந்தன, பிசகில்லாமல். எழுத்து நிதானமாக இருந்தது, மரியாதையாக இருந்தது. மார்ட்டின் வேலையை முடித்ததும், உங்களைப் போன்றவர்கள் அரிது என்று எழுதி ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போனார் அந்த ஆள். எட்டு மில்லி என்று ரோஜா பக்கத்து நாற்காலியில் சொல்லியும் இருக்கிறார்.

சனிக்கிழமை வரிசையில் இன்னொரு லூர்து வந்தார்.

இந்த அம்மாள் விஷயத்துக்கே வரவில்லை. தங்கச்சி, பூசணிக்கொடி, வேலிக்கதவு, நாலு நாளாகத் தண்ணீர் ஊற்றவில்லை என்று முன்னுக்குப்பின் எழுதிக்கொண்டே போனார். ஒருவருக்கு ஏழு நிமிடம்தான் கணக்கு. ஒன்பது நிமிடம் ஆகியும் கணக்கின் பெயரைச் சொல்லவில்லை. “சொத்தைன்னு நெனச்சேன்” என்றார் ரோஜா. பதினோராவது நிமிடத்தில் பெயர் வந்தது. திறந்து பார்த்தால், நாலு நாளைக்கு முன் மின்னஞ்சல் மாற்றப்பட்டிருந்தது. மாற்றியவர் என்ற இடத்தில் மார்ட்டின் என்று இருந்தது.

“அந்தப் பேர ரெண்டு தடவ வாசிச்சேண்ணே.”

லூர்துக்கு அறுபத்தொரு வயது. ஒன்பது வருடத்துக்கு முன் அக்கா மகன் ஊர்க் கடையொன்றில் சுரண்டி எண் பார்க்கும் அட்டை ஒன்றை வாங்கி, சித்திக்காக இந்தக் கணக்கைத் திறந்து கொடுத்தான். பிறந்த தேதியை வாய்க்கு வந்தபடி போட்டான். அவருடைய தங்கை பிரேசிலில் இருக்கிறார். இருவரும் சேர்ந்து ஒரு விளையாட்டில் பண்ணை வைத்திருந்தார்கள். நிலம் வாங்கி, உழுது, விதைத்து, கோழி வளர்க்கிற விளையாட்டு. லூர்துக்குக் காலை பத்து மணி, தங்கைக்கு விடிகாலை ஆறு. இருவரும் தினம் அங்கே சந்தித்து முக்கால் மணி நேரம் வேலை செய்வார்கள். மூன்று வருடத்துக்கு முன் தங்கைக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போய்விட்டது. அடுத்தவர் பேசினாலும் எழுதினாலும் பொருள் பிடிபடுவதில்லை, போனைக் காதில் வைத்தால் அழுகிறார். வலது கை மட்டும் தப்பியது. அந்தக் கையால் தினமும் ஆறு மணிக்குப் பண்ணைக்கு வந்துவிடுவார். அக்கா தண்ணீர் ஊற்றினால் இவர் களை எடுப்பார். மூன்று வருடமாக அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் அதுதான்.

லூர்தின் மின்னஞ்சலுக்குள் எவனோ புகுந்திருக்கிறான். பழைய ரசீதுகள் எல்லாம் அதில் இருந்தன. அவற்றைப் படித்து அவனால் மூன்றில் இரண்டுக்குப் பதில் சொல்ல முடிந்தது. மின்னஞ்சலையும் இழந்துவிட்ட லூர்தால் ஒன்றுக்கும் சொல்ல முடியவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன் எந்த நாளில் வாங்கினேன் என்று யாருக்கு நினைவிருக்கும்? பண்ணை அந்தக் கணக்கின் பெயரில் இருந்ததால் புதுக் கணக்கு திறந்தாலும் உள்ளே போக முடியாது.

ரோஜா கணக்கின் வரலாற்றைத் திறந்தார். ஒன்பது வருடம் ஒரே ஊர், ஒரே நேரம், காலை பத்து மணி. நாள் தவறவில்லை. கிறிஸ்துமஸ் அன்றும் வந்திருக்கிறார். கடந்த நாலு நாளாக வேறு நாடு, வேறு நேரம், பத்துப் பத்து நிமிடம். இதையெல்லாம் எழுதி, தவறு தன்னுடையது என்றும் சேர்த்து, இம்மாதிரி வழக்குகளை முடிவு செய்யும் மேல்குழுவுக்கு அனுப்பினார். இரண்டு வரியில் பதில் வந்தது. மாற்றம் விதிப்படி நடந்திருக்கிறது. நுழைந்த நேரமும் இடமும் ஏற்கத்தக்க ஆதாரங்களின் பட்டியலில் இல்லை. மறுபடி எழுதினார். அதே இரண்டு வரி. மூன்றாவது முறை எழுதியதும் மேற்பார்வையாளர் பாண்டியராஜன் கூப்பிட்டார். ரோஜாவை விட ஏழெட்டு வயது இளையவர், குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர்.

“அக்கா, நீங்க சரியாத்தான செஞ்சிருக்கீங்க. சரியாச் செஞ்சதை எதுக்குக் கெளர்றீங்க?”

விதிப்படி பார்த்தால் திருடனுக்குக் கொடுத்தது சரி, சொந்தக்காரிக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் தவறு. “அந்தத் தம்பி மேல குத்தமில்லண்ணே. அவரு முன்னாடி இருந்த தாளுல அப்புடித்தான் இருந்துச்சு” என்றார்.

லூர்து தினமும் வந்தார். பண்ணைக்குப் போகும் அதே காலை பத்து மணிக்கு, நம் ஊர் கணக்கில் மதியம் இரண்டரைக்கு, மார்ட்டின் இருக்கிறாரா என்று கேட்டபடி வரிசையில் நிற்பார். ரோஜா அந்த நேரத்துக்கு முன்பே சாப்பிட்டுவிட்டு வந்து உட்காருவார். முதல் அட்டை கிடைத்தால் வழியுண்டு என்று சொல்லிவைத்தார். கணக்கைத் திறந்தபோது சுரண்டிப் போட்ட அந்தப் பதினாறு எழுத்தும் எண்ணும் முழுதாக இருந்தால் வேறு எதுவும் தேவையில்லை. ஒன்பது வருடத்துக்கு முந்திய அட்டை. அக்கா மகனுக்கு நினைவில்லை. லூர்து வீட்டைப் புரட்டினார். அலமாரி பார்த்தேன், மெத்தைக்கடி பார்த்தேன், செத்துப்போன கணவரின் கோட்டுப் பைகளைப் பார்த்தேன் என்று தினம் ஒரு கணக்குச் சொல்வார். “தேடு ஆத்தா, அங்கதான் எங்கயாச்சும் கெடக்கும்” என்று இவர் இங்கே முணுமுணுப்பார். இதற்குள் பண்ணையில் இருந்த கோழி, ஆடு, அறுத்துவைத்த விளைச்சல் என்று விற்கக் கூடியதை எல்லாம் அவன் விற்றுவிட்டிருந்தான். நிலமும் வேலியும் கிடந்தன. அதை ரோஜா லூர்திடம் சொல்லவில்லை.

தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பெண் லூர்துக்கு ஒரு சேதி அனுப்பியிருந்தாள். தங்கை இப்போதும் ஆறு மணிக்கு வந்து வேலிக்கதவின் பக்கத்தில் நிற்கிறாராம். முக்கால் மணி நேரம் நின்றுவிட்டுப் போகிறாராம். நான் கோபித்துக்கொண்டேன் என்று நினைக்கிறாள் போலிருக்கிறது என்று லூர்து எழுதினார்.

ஒன்பதாவது நாள் அட்டை கிடைத்துவிட்டது. சமையல் குறிப்பு எழுதிய நோட்டுக்குள் பக்க அடையாளமாகச் செருகி வைத்திருந்திருக்கிறார். படம் எடுத்து அனுப்பினார். ரோஜா அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். சுரண்டியபோது காசின் விளிம்பு அழுந்திக் கடைசி நாலையும் தாளோடு பெயர்த்துக்கொண்டு போயிருந்தது. பன்னிரண்டு தெளிவாக இருந்தன.

மூன்று முறை முயன்று பார்க்கலாம் என்பது விதி. லூர்து கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்து ஒன்று சொன்னார், தவறு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து இன்னொன்று சொன்னார், அதுவும் தவறு. பிறகு ஒரு வரி வந்தது. “மார்ட்டின், அந்த நான்கும் உங்கள் திரையில் தெரிகிறது அல்லவா?”

தெரிந்தது. பதினாறும் தெரிந்தது.

அதைச் சொன்னால் என்ன ஆகும் என்பது ரோஜாவுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிரதீப் என்று ஒரு பையன் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் மூன்று வருடம் இருந்தவன். ஒரு வாடிக்கையாளருக்கு ரசீதின் முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்ததற்காக மதியம் கூப்பிட்டு, சாயங்காலத்துக்குள் அனுப்பிவிட்டார்கள். அந்த மாதிரி வேலை போடியில் வேறெங்கும் இல்லை. இப்போது அதே கட்டடத்தில் கீழே ஏலக்காய் மூட்டை எடை போடுகிறான். தினம் படியேறும்போது, “என்னக்கா, வந்துட்டீகளா” என்று கேட்பான். ரோஜாவின் அம்மா அன்னக்கொடி முப்பது வருடம் ஏலத்தோட்டத்தில் பழம் எடுத்தவர். மழையில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்து லயத்தில் கிடந்தவரை இந்த வேலை கிடைத்த பிறகுதான் ரோஜா மலையிலிருந்து போடிக்குக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு பிடித்தார். பாதி மலையாளமாகிப் போன பேச்சு அம்மாவுக்கு. தெருவில் யார் போனாலும் கூப்பிட்டு, “எம் மோளுக்கு ஆபீசுல பணி” என்று சொல்வார்.

“தட்டிட்டேன்ணே” என்றார் ரோஜா. “நாலையும் தட்டிட்டேன். அனுப்புற பொத்தான் மேல வெரலு இருக்கு. வாயி, ஆத்தா இந்தா, இந்தா புடிச்சுக்கன்னு சொல்லிக்கிட்டுக் கெடக்கு. வெரலு அழுத்த மாட்டேங்குது. அந்தக் கண்ணாடிக் கதவுக்கு அங்கிட்டு பாண்டியராஜன் தம்பி யார்கூடயோ சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தாரு. கீழ தராசுல மூடையப் போடுற சத்தம் கேட்டுச்சு.”

ஒவ்வொன்றாக அழித்தார், நாலு தடவை. பிறகு எழுதி அனுப்பினார்: ‘மன்னிக்கவும். பாதுகாப்புக் காரணங்களால் எந்த விவரத்தையும் நான் உறுதிப்படுத்தவோ வழங்கவோ இயலாது.’

லூர்து மூன்றாவது முறையும் ஏதோ நான்கைச் சொன்னார். தவறு. வழக்கு தானாக மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு வாடிக்கையாளர் ஒரு வரி எழுதலாம், நட்சத்திரம் போடலாம். அந்த அம்மாள் எழுதியிருந்தார்: “மார்ட்டின் பொறுமையாக இருந்தார். அவரால் முடிந்திருந்தால் செய்திருப்பார்.” ஐந்து நட்சத்திரம்.

“ஒண்ணு போட்டுருக்கலாம் அந்த மனுசி” என்றார் ரோஜா. இதைச் சொன்ன அன்றைக்கு மாடியில் அவர் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை.

மறுநாள் இரண்டரைக்கு லூர்து வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அட்டை வழக்கு தோற்றால் மறுபடியும் விண்ணப்பிக்க முடியாது. மேல்குழுவுக்கு நாலாவது கடிதம் ஒன்றை ரோஜா எழுதிவைத்தார். இந்தமுறை அந்தத் திருடன் எந்தெந்த நாட்டிலிருந்து நுழைந்தான் என்பதைப் பட்டியலாகப் போட்டு, கடை முதலாளிகளுக்கே போகும்படி எழுதினார். எழுத ஒரு வாரம் பிடித்தது. அனுப்புவதற்கு முன்பே கோயம்புத்தூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள், கையில் சால்வையும் ஒரு கண்ணாடிக் கோப்பையும் வைத்துக்கொண்டு.

விஷயம் இதுதான். மறுத்து அனுப்பிய வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஒரு நட்சத்திரம்தான் போடுவார்கள். அந்த வருடத்தில், எல்லா ஊர் அலுவலகங்களையும் சேர்த்து, மூன்று முறை தோற்று வழக்கு மூடப்பட்ட பிறகும் ஐந்து நட்சத்திரம் வாங்கியவர் ஒரே ஒருவர். அந்த உரையாடலைக் கடை முதலாளிகளே படித்திருக்கிறார்கள். இல்லை என்று சொல்வதற்கு இதுதான் முறை என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். ரோஜாவைப் பயிற்சியாளராக்கினார்கள். படம் எடுத்து அம்மாவிடம் காட்டினார்கள். அன்னக்கொடி கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு தடவிக்கொண்டே இருந்தாராம்.

பயிற்சியாளர்கள் வாடிக்கையாளர் கணக்குகளைத் திறக்க முடியாது. பதவி வந்த அன்று மாலையே அந்த அனுமதியை எடுத்துவிட்டார்கள். எழுதிவைத்த கடிதம் பழைய மேசையின் கணினியோடு போயிற்று. லூர்தின் பண்ணை என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள இனி அவருக்கு வழியில்லை. முன்பு பக்கத்தில் இருந்தவர்களிடம் பார்த்துச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார். காரணமில்லாமல் ஒரு கணக்கைத் திறப்பதும் குற்றம் என்பதால் அவர்கள் தயங்கினார்கள். “நானும் வற்புறுத்தல. நான் செய்யாததை அவுகளச் செய்யச் சொல்ல எனக்கு என்னா ரைட்டு இருக்கு?”

“அந்த நாலு எழுத்து?” என்று கேட்டேன்.

“மனப்பாடமா இருக்குண்ணே” என்றார். மலைப் பக்கம் ஒரு மேகம் இறங்கி வளைவுகளை மறைத்துவிட்டிருந்தது. மணி ஒன்றரை ஆனதும் டப்பாவை மூடிக்கொண்டு வகுப்புக்கு எழுந்தார்.

அந்த வகுப்பில் நானும் பின்வரிசையில் இருந்தேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் பதினான்கு பேர். சுவரில் விழும் படத்தில் பாடம் பக்கம் பக்கமாக வந்தது. பாடத்தின் பெயர் மறுப்பை மரியாதையாகச் சொல்வது. அதில் லூர்து என்ற பெயர் இல்லை. ஒரு பக்கம் வாடிக்கையாளர், மறுபக்கம் மார்ட்டின். ரோஜா இரண்டு பக்கத்தையும் ஆங்கிலத்தில், ஏற்ற இறக்கமில்லாமல், வாசித்துக்கொண்டு போனார். அடியில் சிவப்பு எழுத்தில் நிறுவனத்தின் குறிப்புகள் இருந்தன. வாடிக்கையாளர் குடும்ப விஷயம் பேசினாலும் முகவர் குறுக்கிடவில்லை, கவனிக்க. முகவர் பொய்யான நம்பிக்கை தரவில்லை, கவனிக்க.

‘அந்த நான்கும் உங்கள் திரையில் தெரிகிறது அல்லவா?’ என்ற வரி வந்தது. அதற்கும் மார்ட்டினின் பதிலுக்கும் இடையே எழுபத்திரண்டு வினாடி என்று ஓரத்தில் போட்டிருந்தது. அதன் அருகிலும் ஒரு சிவப்புக் குறிப்பு. முகவர் அவசரப்படாமல் யோசித்துப் பதில் தருகிறார், கவனிக்க. தட்டி அழித்த எதுவும் அந்தப் பக்கத்தில் பதிவாகவில்லை. பிள்ளைகள் எழுபத்திரண்டு வினாடி என்பதைக் குறித்துக்கொண்டார்கள். ரோஜா குரல் மாறாமல் அடுத்த வரியை வாசித்தார்.

கடைசியில் ஐந்து நட்சத்திரம் பெரிதாக விழுந்தது. இரண்டாவது வரிசையில் இருந்த ஒரு பெண் கை உயர்த்தினாள். குரங்கணியிலிருந்து தினம் பஸ்சில் வருகிறவள், முத்துப்பிரியா என்று பெயர். பாடத்தில் சந்தேகம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

“மேடம், அந்தம்மா நெசமான ஆளா, பொய்யா? அவுகளுக்குக் கடைசில கெடச்சுச்சா?”

ரோஜா அவளைப் பார்த்தார். பிறகு மேசைக்குத் திரும்பி அடுத்த பக்கத்துக்கான பொத்தானை அழுத்தினார். அதுதான் கடைசிப் பக்கம். சுவரில் ஐந்து நட்சத்திரமும் அப்படியே நின்றன. வகுப்பு காத்திருந்தது. அவர் மறுபடியும் அழுத்தினார். மறுபடியும்.